ஆர்.ஓ. என்று எழுதிய கேன்

அத்தியாயம் 14

வியாழக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் தான் செய்த காரியம் யாருக்கும் தெரியாது என்றுதான் தமிழினி மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவே அதைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்துவிட்டு, அண்ணியைப் பாராட்டினார்.

"ஆயிரத்து எழுநூத்து அறுபது. மேகலா, கொஞ்சம் மேல வந்து பாரேன். நம்ம மருமவ சாதிச்சிட்டா."

அப்பா கோதண்டராமன் தெர்மக்கோல் பெட்டியின் முன்னால் குந்தியிருந்தார். கையில் டி.டி.எஸ். மீட்டர். பேனா மாதிரி இருக்கும், நுனியைத் தண்ணீரில் விட்டால் எண் காட்டும். பக்கத்தில் அண்ணி நந்தினி இடுப்பில் கை ஊன்றி நின்றாள். ஐந்தாவது மாதம். சுடிதாரில் இப்போதுதான் லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த தமிழினியின் கையிலிருந்து கிளிப் ஒன்று கீழே விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் அப்படித்தான்.

ஆம்பூரில் தண்ணீருக்கு எண்தான் ஜாதகம். வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் எத்தனை ரூம் என்று கேட்பதற்கு முன்னால் போர் தண்ணீர் டி.டி.எஸ். எவ்வளவு என்று கேட்பார்கள். எண் கம்மியாக இருந்தால் நல்ல தண்ணீர். ஜாஸ்தியாக இருந்தால் உப்பு. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது.

நந்தினியின் பெட்டியில் மட்டும் கணக்கு தலைகீழ். அதில் மண் கிடையாது. மீன் மார்க்கெட்டில் வாங்கிய தெர்மக்கோல் பெட்டி, மூடியில் பன்னிரண்டு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் டீ கப், கப்பில் கொஞ்சம் தேங்காய் நார்த்தூள். அதில் பாலக்கீரை. வேர் மட்டும் கீழே தண்ணீரில் தொங்கும். மீன் தொட்டிக்குப் போடுகிற குட்டி மோட்டார் ஒன்று இராப்பகலாகக் காற்றுக் குமிழ் விட்டுக்கொண்டிருக்கும். செடிக்கு வேண்டிய சத்தெல்லாம் தண்ணீரில்தான் இருக்கவேண்டும். அதனால் எண் ஏறவேண்டும்.

ஏறவே இல்லை. ஒன்றரை மாதமாக இருநூறு, இருநூற்றுப் பத்து என்று நொண்டிக்கொண்டிருந்தது.

"கடையில ரெண்டு பாக்கெட் பவுடர் விக்கிறான்மா. கலந்தா ஒரே நாள்ல ஆயிரம் தாண்டிரும்" என்று மாமனார் சொன்னபோதெல்லாம் நந்தினி தலையாட்டி மறுத்தாள். அணைக்கட்டுப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். மீன் குடலையும் வெல்லத்தையும் டப்பாவில் ஒரு மாதம் மூடி வைத்து, வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிகட்டி ஊற்றுவாள். மண்புழு உரத்தைச் சின்ன மூட்டையாகக் கட்டி, குமிழ் வரும் இடத்தில் தொங்கவிடுவாள்.

"மாமா, மீன் சத்து அப்படியே இருந்தா மீட்டருக்குத் தெரியாது. மூட்டையில இருக்கற நுண்ணுயிருங்க அத தின்னு உப்பா மாத்தணும். அப்பதான் செடியும் குடிக்கும், மீட்டரும் காட்டும். அதுங்களுக்குக் காத்து வேணும், நாள் வேணும். அவசரப்பட்டா நாறிப் போயிடும்."

இன்றைக்கு எண் ஏறிவிட்டது. அவள் சொன்னது பலித்துவிட்டது என்று அப்பா பூரித்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்.

ஏற்றியது யார் என்று தமிழினிக்குத் தெரியும். ஆனால் எப்படி ஏறியது என்பதுதான் அவளுக்கே புரியவில்லை.

அந்த மீட்டர் ஒரு காலத்தில் அவளுடையது.

ஏழாவது படிக்கும்போது அப்பா வாங்கிக்கொடுத்தது. தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிளாண்டில் அவர் ஆபரேட்டர். தன் வேலையை மகளுக்குக் காட்ட அவரிடம் இருந்த ஒரே பொம்மை அது. தமிழினி அதை எடுத்துக்கொண்டு தெரு முழுக்கச் சுற்றினாள். பக்கத்து வீட்டு அக்தரி பேகம், "மீட்டர் பாப்பா வந்துட்டா, தண்ணி கொண்டாங்க" என்று குடத்தை முன்னால் வைப்பார். மீட்டரின் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டி, சிவப்பு ஸ்கெட்சில் 'தமிழு' என்று எழுதி வைத்திருந்தாள். சாயங்காலம் அப்பாவும் அவளும் மாடியில் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டு எண்ணையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அண்ணன் கௌதமுக்குக் கல்யாணம் ஆனது. செய்யாறு பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வருவான். அண்ணி இங்கேயே இருந்தாள். போன வருடம் ஒரு கரு மூன்றாவது மாதமே தங்காமல் போனதிலிருந்து, வீட்டில் எல்லோரும் அவளைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரிப் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அப்பா சாதாரணமாகத்தான் சொன்னார்.

"தமிழு, அந்த மீட்டர அண்ணிக்குக் குடு. உனக்கு பன்னெண்டாவது. இனிமே உனக்கு அது எதுக்கு?"

கொடுத்தாள். அடுத்த வாரம் பார்த்தபோது முதுகில் ஸ்டிக்கர் இல்லை. பசை மட்டும் அழுக்காக ஒட்டியிருந்தது.

அதையும் பொறுத்துக்கொண்டாள். வியாழக்கிழமை டியூஷன் முடிந்து படியேறும்போதுதான் அப்பா போனில் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"எனக்கு இப்ப ரெண்டு பொண்ணுடா. அதுல பெரியவதான் கெட்டி."

அவ்வளவுதான். நேராக மாடிக்குப் போனாள். பிளாஸ்டிக் மக்கால் பெட்டியிலிருந்த பழுப்புத் தண்ணீரை மொண்டு மொண்டு மழைத்தண்ணீர் போகும் குழாயில் ஊற்றினாள். செடி பட்டினி கிடக்கட்டும். இலை மஞ்சளாகட்டும். 'நான் அப்பவே பவுடர் போடச் சொன்னேனே' என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லட்டும். அது போதும் அவளுக்கு.

மொண்ட இடத்தை நிரப்பத் தண்ணீர் வேண்டும். சிமெண்ட் தொட்டிக்குப் பின்னால் ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன் ஒன்று இருந்தது. மேலே மார்க்கரில் அப்பாவின் கையெழுத்து. ஆங்கிலத்தில் ஆர், ஓ. ஒரு கோடு. மறுபடி ஆர்.

அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. ஆர்.ஓ. என்றால் குடிக்கிற தண்ணீர். பின்னால் இருக்கும் ஆர், ராமன். பிளாண்டில் அப்பாவை எல்லோரும் ராமன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய டிபன் பாக்ஸிலும் தண்ணீர் பாட்டிலிலும் அதே ஆர்தான் இருக்கும். தண்ணீர் லேசாக மஞ்சளாக இருந்தது. பழைய கேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பாதிக்கு மேல் ஊற்றினாள்.

நல்ல தண்ணீர் ஊற்றினால் எண் இறங்கத்தானே வேண்டும்? எப்படி ஏறியது?

பதில் இட்லித் தட்டோடு வந்தது.

கோதண்டராமன் ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்னி ஊற்ற வந்த நந்தினி கேட்டாள்.

"மாமா, தொட்டிக்குப் பின்னால ஒரு வெள்ள கேன் இருக்குதே. அத எடுத்து மழத்தண்ணி புடிச்சி வெக்கவா?"

அவர் கை தட்டிலேயே நின்றது.

"அத தொடாதம்மா. அது குடிக்கிற தண்ணி இல்ல."

"ஆர்.ஓ.ன்னு போட்டிருக்கே?"

"பிளாண்ட்ல ஆர்.ஓ. மெஷின் ரெண்டு பக்கம் தள்ளும்மா. ஒரு பக்கம் நல்ல தண்ணி. இன்னொரு பக்கம் கழிச்சது, ரிஜக்ட். அதுக்குத்தான் ஆர்னு போட்டு வெச்சிருக்கேன். பத்து தோல் ஷாப்பு உப்பும் அதுலதான் வந்து நிக்கும். அதுல இன்னும் இன்னா இன்னா கலந்திருக்குன்னு எனக்கே தெரியாது."

"அந்தக் கருமத்த வீட்டுக்கு எதுக்குங்க எடுத்தாந்தீங்க?" என்றாள் மேகலா அடுப்படியிலிருந்து.

"ஒரு வேலையாத்தான். ரெண்டு நாள்ல எடுத்துட்டுப் போயிடுவேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க யாரும் அந்தப் பக்கம் போவாதீங்க, போதும்."

கை கழுவினார். போகும்போது மருமகளிடம் சொல்லிவிட்டுப் போனார். "மொத அறுவட. உனக்குத்தான் மொத கவளம். டாக்டரம்மா கீரை சாப்பிடச் சொன்னாங்கல்ல. சாயங்காலம் வந்து கேப்பேன்."

பைக் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டு மறைந்தது. தமிழினியின் வாயில் இட்லி அப்படியே இருந்தது.

பதினோரு மணிக்கு நந்தினி கீரையைக் கிள்ளிக்கொண்டு வந்தாள். முறம் நிறையப் பச்சைப் பசேலென்று இருந்தது. ஒரு இலைகூட வாடவில்லை. வாடியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள் தமிழினி. வியாழக்கிழமையும் இதையேதான் நினைத்தாள். ஆனால் அந்த நினைப்பு வேறு.

"ம்மா, அந்தக் கீரைல பூச்சி இருக்கு."

"மாடில, தண்ணியில வளந்தது. பூச்சி எங்கேந்துடி வரும்?" மேகலா அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வேணாம்மா. அக்தரி ஆன்ட்டி வீட்ல இன்னிக்கு பிரியாணி. எப்டியும் குடுத்தனுப்புவாங்க."

"அது உனக்கு. இது அவளுக்கு. நீ சாப்புடாத, யாரு உன்ன கூப்ட்டா?"

"அண்ணிக்கும் வேணாம்."

மேகலா நறுக்குவதை நிறுத்தி மகளை நிமிர்ந்து பார்த்தாள். ஆறு நாளும் ஷூ கம்பெனியில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து எழுகிற உடம்பு. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் தன் வீட்டில் தன் இஷ்டத்துக்கு இருக்க முடியும்.

"ஒன்றர வருஷமா பாக்கறேன் தமிழு. அவ பேர எடுத்தாலே உன் மூஞ்சி அஷ்டகோணலா போவுது. வயித்துப் புள்ளக்காரி திங்கற சோத்துல கூடவா உனக்குப் பொறாம?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். 'ஆமாம்மா, பொறாமதான், அதனாலதான்' என்று ஆரம்பித்தால் மீதியும் வந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவள் யார்? மீட்டர் பாப்பா இல்லை. சின்ன மகளும் இல்லை. அண்ணி வயிற்றில் இருப்பதற்கு விஷம் வைத்தவள். அண்ணன் என்ன சொல்வான்? அப்பா தன் முகத்தை மறுபடி பார்ப்பாரா?

வாயை மூடிக்கொண்டாள்.

பருப்பு வெந்தது. பூண்டு தாளித்த வாசம் வந்தது. பன்னிரண்டரைக்கு மேகலா தட்டில் சோறு போட்டு, நடுவில் குழி பறித்துக் கீரைக்கூட்டை ஊற்றி, மேலே நெய் விட்டாள். நந்தினி தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பிசைந்தாள். முதல் கவளத்தை உருட்டினாள்.

"அத்த, நீங்களும் உக்காருங்க."

கவளம் வாய்க்குப் பக்கத்தில் போனது.

தமிழினி தட்டைக் காலால் தள்ளவில்லை என்று பிறகு எத்தனை தரம் சொன்னாலும் மேகலா நம்பப்போவதில்லை. கையால்தான் இழுத்தாள். இழுத்த வேகத்தில் தட்டு சுவரில் மோதிக் கவிழ்ந்தது. நந்தினியின் கையில் இருந்த கவளத்தையும் தட்டிவிட்டாள். அடுப்படிக்கு ஓடி, மீதிக் கூட்டைப் பாத்திரத்தோடு சிங்கில் கவிழ்த்தாள்.

பிறகு மேகலாவின் கை தமிழினியின் கன்னத்தில் இறங்கியது.

"சோத்த தட்டி விடுறியா? அதுவும் அவ சோத்த? உங்கப்பா வரட்டும். உன்ன இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

தமிழினி மாடிப்படி ஏறி ஓடினாள்.

வெயில் உச்சியில் நின்றது. பெட்டி பாட்டுக்குக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. அவள் தொட்டியின் நிழலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக நின்று நின்று வந்தது. அம்மா இல்லை.

நந்தினி மூச்சு வாங்க வந்து எதிரில் நின்றாள். கையில் இன்னும் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது.

"எதுக்கு தமிழு? என் மேல இருக்கற கோவத்த சோத்து மேல காட்டற ஆளில்லையே நீ."

தமிழினி வெள்ளைக் கேனைக் கையால் காட்டினாள்.

"அத ஊத்திட்டேன் அண்ணி."

"எதுல?"

"உங்க பெட்டில. வியாழக்கெழம. நல்ல தண்ணின்னு நெனச்சிதான் ஊத்தினேன், சத்தியமா. உங்க சத்தெல்லாம் மொண்டு கொட்டிட்டு ஊத்தினேன். செடி மஞ்சளாவணும்னு. உங்களுக்கு ஒண்ணும் ஆவணும்னு நெனைக்கல. செடிக்குத்தான். அப்பா உங்கள திட்டணும்னு, ஒரே ஒரு தரம்." மூக்கை உறிஞ்சினாள். "அந்த ஆர் அப்பா பேர்னு நெனச்சேன்."

நந்தினி மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கெழமையே எனக்குத் தெரியும்" என்றாள்.

தமிழினி நிமிர்ந்தாள்.

"நீன்னு தெரியாது. ஏதோ கலந்திருக்குன்னு தெரியும். மீன் வாசம் போயிடுச்சி. மேல வர்ற நொர போயிடுச்சி. மூட்டையில இருந்த உசுருங்க செத்துட்டா அப்படித்தான் ஆவும். எங்க ஊர்ல தண்ணிக்கு மீட்டர் வெக்க மாட்டாங்க, தொட்டு நாக்குல வெப்பாங்க. வெச்சிப் பாத்தேன். உப்பு கரிச்சிது."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"மாமான்னு நெனச்சேன்." நந்தினி சிரிக்க முயன்றாள். "நான் பீத்திக்கினது பொய்யாப் போயிடக் கூடாதுன்னு, எனக்குத் தெரியாம கடைப் பவுடர கலந்து நம்பர ஏத்தி வெச்சிருக்கார்னு நெனச்சேன். காலைல எவ்ளோ சந்தோஷமா கூப்ட்டாரு பாத்தியா? அவரு மனசு நோவக் கூடாதுன்னு வாய மூடிக்கினேன். பவுடர் தானே, தின்னா ஒண்ணும் ஆவாதுன்னு."

இவ்வளவு பயத்துக்கு நடுவிலும் தமிழினிக்குள் அந்தப் பழைய ஊசி குத்தியது. அப்பா ஒளித்து ஒளித்து உதவி செய்வார் என்று நம்புகிற அளவுக்கு அண்ணிக்கு உரிமை வந்துவிட்டது. தனக்கு அது தோன்றியே இருக்காது.

"அந்த ஸ்டிக்கர்" என்றாள் நந்தினி திடீரென்று. "மீட்டர்ல உன் பேர் எழுதி ஒட்டியிருந்தியே. தானா உரிஞ்சி போவல. நான்தான் நகத்தால சொரண்டி எடுத்தேன்."

"ஏன்?"

"எங்கப்பா எனக்கு ஒரு பென்சில் கூட வாங்கித் தந்ததில்ல. எல்லாம் தம்பிக்குத்தான். ஒவ்வொரு தரம் தண்ணி பாக்கும்போதும் உன் பேர் என் கையில குத்திச்சி. எடுத்துப் போட்டேன்." புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் சரியாப் போச்சின்னு சொல்ல வரல. நீ செஞ்சது பெருசு. ஆனா நீ வாய தொறந்து சொல்லிட்ட. நான் இவ்ளோ நாள் சொல்லல."

தமிழினி பெட்டியின் மோட்டார் வயரைப் பிடுங்கினாள். குமிழ்ச் சத்தம் நின்றது. அப்போதுதான் நந்தினியின் கை எங்கே இருக்கிறது என்று கவனித்தாள். வயிற்றின் மேல். விரல்களை விரித்து, அழுத்தி.

"அண்ணி. இன்னா?"

"நேத்து சாயங்காலம்." நந்தினியின் குரல் மாறியிருந்தது. "எல நல்லா இருக்கான்னு பாக்க நாலஞ்சி கிள்ளி வாயில போட்டுக்கினேன். பச்சையாவே."

வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. அக்தரி பேகம் வீட்டில் பிரியாணி தம் உடைக்கும் வாசம் மாடி வரைக்கும் வந்தது.

"மாமா கிட்ட கேக்கணும்" என்று நந்தினி தன் போனை எடுத்தாள். "அதுல இன்னா இருக்குன்னு தெரிஞ்சாத்தான் ஆஸ்பத்திரில சொல்ல முடியும். நான் பேசறேன். பாக்காம நானே ஊத்திட்டேன்னு சொல்லிடறேன். உன் பேரு வேணாம்."

இதைத்தானே வியாழக்கிழமை கேட்டாள்? அண்ணி தப்பு செய்ததாக அப்பா ஒரு தரம் நினைக்கவேண்டும் என்று. இதோ, தட்டில் வைத்து நீட்டுகிறாள்.

"நீங்க ஒண்ணும் எனக்காக நல்லவளாவ வேணாம்" என்று நந்தினியின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள் தமிழினி. எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள்.

மூன்றாவது மணியில் எடுத்தார்.

"சொல்லும்மா நந்தினி. சாப்ட்டியா?"

தமிழினி தன் போனிலிருந்து கூப்பிட்டால் 'இன்னா தமிழு, வேலையா இருக்கேன்' என்பார். அதைப் பற்றி வருத்தப்பட இப்போது நேரமில்லை.

"ப்பா, நான் தமிழு. அந்த ஆர்.ஓ. கேன். அத நான் வியாழக்கெழம அண்ணி கீரைப் பெட்டில ஊத்திட்டேன். வேணும்னுதான் ஊத்தினேன். நல்ல தண்ணின்னு நெனச்சேன். அண்ணி நேத்து அந்த எலைய தின்னுட்டாங்க."

மறுபக்கம் பிளாண்டின் மோட்டார் இரைச்சல் மட்டும் கேட்டது. கத்தப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டாள். கத்தட்டும்.

அவர் கத்தவில்லை. யாருக்கோ கேட்கக் கூடாது என்பது போலச் சன்னமாகக் கேட்டார்.

"கேன்ல எவ்ளோ மீதி இருக்கு?"

"ப்பா?"

"கேன்ல, தமிழு. மிச்சம் எவ்ளோ இருக்கு? ஒரு லிட்டராவது இருக்கா? நாளைக்கு அத ஒருத்தர் கையில குடுக்கணும். அது இல்லன்னா பிளாண்ட்ல நடக்கறத பத்தி நான் சொன்ன எதுக்கும் சாட்சி இல்ல. மூடி இறுக்கமா இருக்கா, போய்ப் பாரு. வேற யாருக்காவது சொன்னியா?"

நந்தினி தலையைத் திருப்பிக்கொண்டு தெருவைப் பார்த்தாள். அவள் காதிலும் விழுந்திருந்தது.

ஒன்றரை வருடமாகத் தமிழினி இதற்குத்தான் ஏங்கியிருந்தாள். அப்பா ஒரு தரமாவது அண்ணியை மறந்துவிட்டுத் தன்னிடம் பேசவேண்டும் என்று. இதோ, மறந்துவிட்டார். தன்னிடம் மட்டும்தான் பேசுகிறார். அந்தச் சந்தோஷம் எங்கே என்று உள்ளே தேடிப் பார்த்தாள். இல்லை.

தொட்டிக்குப் பின்னால் இருந்த கேனை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"கேன நான் அப்புறம் பாக்கறேன். அண்ணிக்கு எப்டி இருக்குன்னு மொதல்ல கேளுப்பா."